கண்ணெட்டும் தொலைவும் கையெட்டும் தொலைவும்

மனிதன் தன் உறுப்புகளின் குறையைக் கருவிகளால் நிறைவு செய்துகொள்ளத் தொடங்கிய நாள்தொட்டு, அக்கருவி தரும் ஆற்றலால் விளையும் நன்மை தீமைகளுக்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினாவும் உடன்வளர்ந்து வருகின்றது. கத்திக்கும் வில்லுக்கும் ஊர்திக்கும் அச்சுப்பொறிக்கும் பொதுவான வினா அது. ஆயினும் பொதுப்படப் பேசுங்கால் வினா தன் கூர்மையை இழந்துவிடுவது இயல்பு. ஆதலின் ஒரு சிறு கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு நுணுகி நோக்குதல் நன்று. வேட்டைத் துப்பாக்கியின்மீது பொருத்தப்படும் தொலைநோக்கியே அக்கருவி. ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள அந்தக் குழாய், முந்நூறு கெஜத்துக்கு அப்பால் மேயும் மானை முப்பது கெஜத்தில் நிற்பதுபோல் காட்டும். உண்மையில் மான் ஓர் அங்குலமும் நெருங்கி வருவதில்லை. இந்தப் பொய்யான அண்மையை மெய்யென்று நம்பி விசையை அழுத்தும் உரிமை ஒருவனுக்கு எப்பொழுது உண்டு, எப்பொழுது இல்லை என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் மரபில் வந்தோர், வேட்டையே தீதென்றிருக்க, அதற்குரிய கருவியைப் பற்றி அறம் பேசுவது முரணன்றோ எனக் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள. அவ்வழி வழுவாது நிற்போருக்கு இச்சிக்கல் எழுவதேயில்லை. ஆனால் உலக மாந்தருள் பெரும்பாலோர் ஊன் உண்பவர்கள். அன்றியும், ஸ்காட்லாந்து போன்ற நாடுகளில் ஓநாய் அற்றுப்போன பின்னர்ச் செம்மான்களின் தொகையைக் கட்டுக்குள் வைக்கும் இயற்கைப் பகை இல்லாதாயிற்று. இளங்கன்றுகள் எல்லாம் மேயப்பட்டுவிடுவதால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலுவதில்லை. எனவே ஆண்டுதோறும் அங்கு மான்கள் சுடப்படுகின்றன. நார்வேயிலும் சுவீடனிலும் மூஸ் எனப்படும் பெரிய மான்வகையை வேட்டையாடுவது சிற்றூர் வாழ்க்கையின் ஒரு பகுதி. கொலை நிகழத்தான் போகிறது என்னும் இடத்தில், அஃது எவ்வாறு நிகழ்கிறது என்னும் வினா அறத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. ‘கொல்லாதே’ என்று கூறி முகத்தைத் திருப்பிக்கொள்வது கூறுபவருக்கு மன அமைதி தரலாம். தவறான இடத்தில் குண்டுபட்டு இரண்டு நாள் புதரில் கிடந்து சாகும் விலங்குக்கு அதனால் பயன் யாதுமில்லை.

தொலைநோக்கியின் குறுக்கிழைக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் வாழ்ந்த வில்லியம் கேஸ்காயின் என்னும் வானியல் ஆர்வலர், 1639-ஆம் ஆண்டையொட்டி, தம் தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று இழைத்திருந்த நூல், நோக்கிய பொருளோடு சேர்ந்து தெளிவாகத் தெரிவதைக் கண்டார். வில்லைகளின் குவியம் விழும் இடத்தில் இழை அமைந்திருந்ததே காரணம் என்பதை உணர்ந்து, விண்மீன்களின் இருப்பைத் துல்லியமாகக் குறிக்க அவ்வமைப்பைப் பயன்படுத்தினார். அவர் இளமையிலேயே தம் நாட்டின் உள்நாட்டுப் போரில் மடிந்தார். இரு நூற்றாண்டுகள் கழித்து, 1840-களில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கைவினைஞர்கள் நீண்ட பித்தளை, எஃகுக் குழாய்களைத் துப்பாக்கியின்மேல் பொருத்தத் தொடங்கினர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவை மனிதரைக் குறிவைத்தன. விண்மீனை அளக்கப் பிறந்த இழை மனிதனின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றதைக் கண்டு வியப்பதா, வருந்துவதா என்பது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

இனிக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கு வருவோம். கடையில் நிற்கும் வேட்டைக்காரன் முதலிற் கேட்பது, ‘எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?’ என்பதே. மிகுதியானது சிறந்தது என்னும் எண்ணம் எல்லார்க்கும் எளிதில் தோன்றுவது. ஆயின் பெருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. மூன்று மடங்கில் நோக்குங்கால் நூறு கெஜத் தொலைவில் ஏறத்தாழ முப்பதடி அகலம் கண்ணுக்குள் அடங்கும். ஒன்பது மடங்கில் அது பதின்மூன்று, பதினான்கு அடியாகச் சுருங்கிவிடும். மானுக்குப் பின்னால் நிற்கும் மற்றொரு மானோ, மரத்தடியில் அமர்ந்திருக்கும் மனிதனோ அவ்வட்டத்துக்குள் வருவதில்லை. ஒளியும் குறையும். நாற்பது மில்லிமீட்டர் முகப்பு வில்லையுள்ள கருவியில், நான்கு மடங்கில் பத்து மில்லிமீட்டர் அகலமான ஒளிக்கற்றை கண்ணை அடைகிறது. ஒன்பது மடங்கிலோ நான்கரை மில்லிமீட்டருக்கும் குறைவே. அந்தி மயங்கும் வேளையில் மனிதனின் கண்மணி இதனினும் அகல விரிந்து ஒளிக்கு ஏங்கி நிற்கும். வேட்டை விலங்குகள் வெளிவருவதும் அவ்வேளையில்தான். மேலும், பெருக்கம் மிக மிக நோக்குபவனின் நடுக்கமும் பெரிதாய்த் தெரியும். அவன் மூச்சும் நாடித் துடிப்பும் குறுக்கிழையை ஆட்டுவதை அவனே காணலாம். வெறுங்கண்ணால் குறிபார்ப்பவனுக்கும் அதே நடுக்கம் உண்டு. அவனுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. இவ்வகையில் தொலைநோக்கி நேர்மையான கருவி. ஆனால் அது காட்டும் தன் குறையை விட்டு, மானின் கொம்பை மட்டுமே காண விரும்புவோர் மிகப் பலர்.

அதனால்தான் பட்டறிவுடைய வேட்டைக்காரர்கள் காட்டு வேட்டைக்கு நான்கு, ஆறு மடங்குகளே போதும் என்பர். அவர்களுள் சிலர் நிலையான நான்கு மடங்குக் கருவியோடு ஆயுள் முழுதும் நிறைவடைந்தவர்கள். தேவைக்கு மேற்பட்ட ஆற்றலை விலை கொடுத்து வாங்காதிருப்பதும் ஒரு கட்டுப்பாடே.

தேர்ந்தெடுத்த கருவியைத் துப்பாக்கியின்மேல் பொருத்துதல் பொறுமையைச் சோதிக்கும் பணி. முதலில் துப்பாக்கியின் உடற்பகுதியில் தாங்கிகள் திருகாணிகளால் இறுக்கப்படும், அவற்றின்மேல் வளையங்கள், வளையங்களுக்குள் குழாய். குழாயின் விட்டம் பெரும்பாலும் ஓரங்குலம் அல்லது முப்பது மில்லிமீட்டர். திருகாணித் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் இறுக்கம் நாளடைவில் தளரும். அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கும். ஆதலின் முறுக்குவிசையை அளந்து காட்டும் திருப்புளியைப் பயன்படுத்துவர். ஐந்தங்குல இடைவெளியில் அமைந்த இரண்டு வளையங்களுள் ஒன்று, ஓரங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகி நின்றால், நூறு கெஜத்தில் அப்பிழை முக்கால் அங்குலத்தை நெருங்கும். முந்நூறு கெஜத்தில் இரண்டங்குலத்தைத் தாண்டும். தலைமயிரின் பருமனிலும் குறைந்த ஒரு விலகல் அது!

கண்ணுக்கும் கண்ணருகு வில்லைக்கும் இடையே மூன்று முதல் நான்கு அங்குல இடைவெளி வேண்டும். அதனை அளக்குமுன் வேட்டைக்காரன் கண்களை மூடிக்கொண்டு, துப்பாக்கியை இயல்பாகத் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் பதித்து, பின்னர்க் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். அப்பொழுது வட்டம் முழுமையாய் ஒளிர்ந்தால் பொருத்தம் சரி. ஓரத்தில் கரிய பிறைநிழல் தெரிந்தால், கழுத்தை நீட்டிச் சரிசெய்தல் கூடாது; கருவியைத்தான் நகர்த்துதல் வேண்டும். இடைவெளியைக் குறைத்துப் பொருத்தியோரின் புருவத்தில், துப்பாக்கியின் பின்னுதைப்பு பிறைவடிவத் தழும்பு ஒன்றைப் பரிசாக அளித்துச் செல்லும். குறுக்கிழை செங்குத்தாக நிற்கிறதா என்பதை ரசமட்டத்தாலோ, தொலைவில் தொங்கவிட்ட தூக்குநூலாலோ ஒத்துப்பார்த்தலும் இன்றியமையாதது. சற்றே சாய்ந்த இழையால் நூறு கெஜத்தில் தீங்கு தோன்றாது. தொலைவு கூடக் கூட, குண்டின் வீழ்ச்சியை ஈடுசெய்ய உயர்த்திக் குறிவைக்கும் ஒவ்வொரு முறையும் அச்சாய்வு குண்டைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். அண்மையில் மறைந்திருந்து சேய்மையில் வெளிப்படும் பிழைகள் கருவிகளில் மட்டும் உள்ளன அல்ல.

இவ்வளவும் முடிந்தபின் நிகழ்வது குறி சரிபார்த்தல். தாளில் வரைந்த வட்டத்தை நோக்கி மும்மூன்று குண்டுகளாகச் சுட்டு, அவை விழுந்த இடத்தின் நடுவத்தைக் கணித்து, தொலைநோக்கியின் மேலுள்ள திருகுகளைத் திருப்புவர். ஒரு சொடுக்கு, நூறு கெஜத்தில் ஏறத்தாழக் கால் அங்குலம் நகர்த்தும். இங்கேதான் அறத்தின் முதற்சோதனை நிகழ்கிறது என்று துணிந்து கூறலாம். மூன்று குண்டுகளுள் இரண்டு அருகருகே விழுந்து, மூன்றாவது நான்கங்குலம் விலகி விழுந்ததாகக் கொள்வோம். ‘அது கைதவறியது, கணக்கில் சேராது’ என்று ஒதுக்கிவிட யாருக்கும் ஆசை எழும். தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவன் நிலை இது. கைதவறியதும் அவன் கைதானே? காட்டில், மூச்சிரைக்க மேடேறி வந்து, குளிரில் விரல் மரத்து, மான் தலைநிமிரும் அந்த நொடியில் கைதவறாது என்பதற்கு உறுதி யாது? ஆசிரியப் பணியில் இருப்போர் இவ்வுண்மையை நன்கு அறிவர்: மாணவனின் மிகச் சிறந்த ஒரு விடைத்தாள் அவன் தரத்தைக் காட்டுவதில்லை, பல தாள்கள் சேர்ந்தே காட்டும். அவ்வாறே, ஒருவன் சுட்ட மிகச் சிறந்த தாளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். அவன் எத்தனை கெஜம் வரை சுடத் தகுதியுடையவன் என்பதை முடிவுசெய்ய வேண்டியவை குப்பைக்கூடையில் எறிந்த தாள்களே.

நார்வே நாட்டில் இதனை மனிதனின் நேர்மைக்கு மட்டும் விட்டுவிடவில்லை. பெருவிலங்கு வேட்டைக்குச் செல்வோர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். முப்பது குண்டுகள் பயிற்சிக்குச் சுட்டுக் காட்டிய பின், நூறு மீட்டர் தொலைவிலுள்ள கலைமான் உருவத்தில் முப்பது சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளும் விழ வேண்டும். அளவு கடுமையானது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆண்டுதோறும் என்பதிலேதான் பொருள் உள்ளது. சென்ற ஆண்டுத் திறமை இவ்வாண்டு மானைக் காப்பாற்றாது.

தொலைநோக்கிக்கு ஆதரவாக வலிய வாதம் ஒன்றுண்டு. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. திருந்தக் கண்டு சுடுவதால் குண்டு உயிர்நிலையில் படுகிறது. விலங்கு சில நொடிகளில் வீழ்கிறது. ஆகவே இக்கருவி கொடுமையைக் கூட்டவில்லை, குறைக்கிறது என்பர். தொலைவு மாறாதிருக்குமாயின் இவ்வாதம் முற்றும் உண்மை. எண்பது கெஜத்தில் வெறுங்குறியால் சுட்டவன், அதே எண்பது கெஜத்தில் தொலைநோக்கியால் சுட்டால் மானுக்கு நன்மையே. ஆனால் மனிதன் அதே எண்பது கெஜத்தில் நிற்கிறானா? கருவி தந்த ஊதியத்தை அவன் மானுக்கு அளிப்பதில்லை. தனக்கே எடுத்துக்கொண்டு இருநூறு, முந்நூறு, நானூறு கெஜம் என்று பின்வாங்குகிறான். நல்ல சாலை அமைத்தால் விபத்துக் குறையும் என்று எதிர்பார்க்க, ஓட்டுவோர் விரைவைக் கூட்டிக்கொள்வது போன்றது இது.

தொலைவு கூடினால் என்ன நேரும்? நூறு கெஜத்திற்குச் சரிசெய்யப்பட்ட, பரவலாக வழங்கும் .308 வகைத் துப்பாக்கியின் குண்டு முந்நூறு கெஜத்தில் ஓரடிக்கு மேல் தாழ்ந்திருக்கும். நானூற்றில் ஏறத்தாழ மூன்றடி. தொலைவை ஐம்பது கெஜம் தவறாக மதித்தாலே குண்டு நெஞ்சை விட்டு வயிற்றிலோ காலிலோ பாயும். மானின் உயிர்நிலையோ எட்டு முதல் பத்தங்குல அளவே. இடையில் வீசும் காற்று குண்டைத் தள்ளும். சுடுபவன் கன்னத்தில் படாத காற்று பள்ளத்தாக்கின் நடுவில் வீசக்கூடும். தொலைவையும் காற்றையும் அளக்க இன்று மின்கருவிகள் உள்ளன. அவற்றால் திருத்த முடியாதது ஒன்றுண்டு. நானூறு கெஜத்தைக் கடக்கக் குண்டுக்கு ஏறத்தாழ அரை நொடி வேண்டும். அந்த அரை நொடியில் மான் ஓரடி எடுத்து வைத்தால், உலகிலேயே சிறந்த துப்பாக்கியும் சிறந்த வீரனும் சேர்ந்து ஓர் உயிரின் குடலைக் கிழித்தவராவர். 2013-இல் டெக்சாஸ் மாநில நிறுவனம் ஒன்று, இலக்கில் அடையாளம் இட்டால், குறி முழுவதும் பொருந்தும் கணத்தில் தானே வெடிக்கும் கணிப்பொறித் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கைநடுக்கம் என்னும் குறையை அது வென்றது. அரை நொடியை அதுவும் வெல்லவில்லை.

சமநிலை என்னும் கோணத்தில் இதனை எதிர்ப்போரும் உளர். 1887-இல் தியடோர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் குரோக்கெட் கழகம், விலங்கினத்துக்குத் தப்பும் வாய்ப்பளிக்காத முறையற்ற மேம்பாட்டை வேட்டைக்காரன் கொள்ளலாகாது என்னும் கொள்கையை வளர்த்தது. கொலராடோ மாநிலத்தில் வாய்வழி மருந்திடும் பழைய வகைத் துப்பாக்கிக்குரிய வேட்டைப் பருவத்தில் தொலைநோக்கிக்கு இன்றும் இடமில்லை. தமிழ் மாணவர்க்கு இவ்வழக்கு புதிதன்று. மறைந்து நின்று வாலியை எய்தது முறையா என்று பட்டிமன்றங்களில் ஆண்டாண்டாய் வழக்காடி வருகின்றோர், அதே வினாவை வேறு வடிவில் இங்குக் காணலாம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. வாலியோடு போர் என்னும் நெறி ஒன்று இருந்தது. மான் எந்த ஆட்டத்திற்கும் உடன்பட்டதன்று. அன்றியும் வேட்டையில் மறைதல் குற்றமாகாது. மனிதனின் மூக்கையும் செவியையும் விட மானின் மூக்கும் செவியும் பன்மடங்கு கூரியவை. மறையாதவன் மானைக் காணவே இயலாது. ஆகவே சிக்கல் மறைவில் இல்லை. மானின் மூக்கும் செவியும் கண்ணும் பயனற்றுப் போகும் தொலைவுக்கு மனிதன் விலகிச் சென்றுவிடும்போது, மறைவு என்னும் சொல்லுக்கே பொருளில்லாமல் போகிறது. ஸ்பானிய மெய்யியலார் ஒர்த்தேகா இ காசெத் 1942-இல் வேட்டையைப் பற்றி எழுதியபோது, மனிதன் தன் மிகையான ஆற்றலைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும் வரையில்தான் அது வேட்டையாக நிலைக்கும் என்னும் கருத்தை முன்வைத்தார். கருத்து அழகியதே. எனினும் மானின் பக்கம் நின்று பார்த்தால், வேட்டை வேட்டையாக நிலைப்பதில் அதற்கென்ன அக்கறை? விரைவான சாவா, நெடிய துன்பமா என்பதே அதற்குரிய வினா. சமநிலை வாதத்தைவிட அரை நொடி வாதமே வலியது என்று கொள்ளுதல் பொருந்தும்.

இவற்றினும் நுண்ணிய ஒன்று உளது. வெறுங்கண் நூறு பொருள்களைக் காண்கிறது. அவற்றுள் ஒன்றையும் அது அழிக்கக் கருதுவதில்லை. துப்பாக்கித் தொலைநோக்கியில் அவ்வாறன்று. அதன்வழி ஒன்றைக் காண வேண்டுமாயின் குழலை அதன்மேல் நீட்டியே ஆகவேண்டும். காண்பதும் குறிவைப்பதும் ஒரே செயலாகிவிடுகின்றன. ஆகவேதான், அசைவது மானா மனிதனா என்று அறியத் தொலைநோக்கியைப் பயன்படுத்தாதே, தனியே இரட்டைக்குழல் தொலைநோக்கி வைத்துக்கொள் என்பது வேட்டைப் பள்ளிகளின் முதற்பாடமாக உள்ளது. ஐயத்தைத் தீர்க்கும் பார்வையில் ஆயுதம் இருக்கலாகாது. தசரதன் குடத்தில் நீர் மொண்ட ஒலியை யானை நீர் அருந்தும் ஒலியென மயங்கி அம்பெய்து, பார்வையற்ற பெற்றோரின் ஒரே மகனை மாய்த்தான். காணாமலே எய்யும் திறமைக்கு அவன் புகழ்பெற்றவன்; அத்திறமையே அவனைக் கெடுத்தது. இன்றைய வேட்டைக்காரனுக்குக் காணும் வசதி மிகுதி. ஆனால் ‘மான்’ என்று மனம் முன்னரே முடிவு செய்துவிட்டால், நாற்பது மில்லிமீட்டர் வில்லையும் மானையே காட்டும். பழுப்பு நிறச் சட்டையணிந்த தோழனைச் சுட்டுவிட்டுக் கதறியோரின் கதைகள் வேட்டை நாடுகள்தோறும் உண்டு.

நோக்கும் பழக்கம் சிலரை வேறு திசைக்கும் இட்டுச் சென்றுள்ளது. மலாயாவில் தோட்டத்துரையாக வாழ்ந்த தியோடர் ஹப்பாக், யானையையும் காட்டெருதையும் வேட்டையாடிய பட்டறிவை 1905-இல் நூலாக எழுதியவர். அவரே பின்னாளில் வனவிலங்குகளின் காப்புக்காக அரசோடு ஓயாது வாதாடினார். இன்று தாமான் நெகாரா என வழங்கும் தேசியப் பூங்கா 1938-39-ஆம் ஆண்டுகளில் அமைவதற்கு அவர் உழைப்பே பெருங்காரணம். வேட்டையாடிய எல்லாரும் அவ்வாறு மாறியதில்லை. மாறியோரிலும் பலர் நெடுநாள் காட்டில் நடந்தவர்களாகவே இருக்கின்றனர்.

நடத்தல் என்பது ஈண்டு உவமையன்று. சுட்டபின் வேட்டைக்காரன் செய்ய வேண்டிய கடமை, கருவி மறைத்துவிட்ட தொலைவைத் தன் காலால் கடப்பதே. மான் நின்ற இடம் இதுவென்று ஒரு மரத்தையோ பாறையையோ மனத்தில் குறித்துக்கொண்டு அவன் இறங்க வேண்டும். முந்நூறு கெஜத்தில் எல்லாப் புதரும் ஒன்றுபோல் தோன்றும். அருகில் சென்றால் முன்பு கண்ட இடம் எது என்றே தெரியாது. பலர் இந்நிலையில், ‘படவில்லை போலும்’ என்று தமக்குத் தாமே கூறித் திரும்பிவிடுகின்றனர். சுவீடன் நாட்டுச் சட்டம் இதற்கு இடந்தருவதில்லை. பெருவிலங்கு வேட்டையில், காயமுற்ற விலங்கைத் தேடவல்ல பயின்ற நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அவ்விடம் வந்துசேர ஏற்பாடு இருத்தல் வேண்டும். நாய் வருமுன் அவன் மண்டியிட்டுப் புல்லைப் பார்க்கிறான். வெட்டுண்ட மயிரும் குருதியும் அங்குக் கிடக்கும். நுரை கலந்த இளஞ்சிவப்பாயின் குண்டு நுரையீரலில் பட்டது. மான் அருகிலேயே கிடக்கும். பசுமை கலந்து நாற்றமுடையதாயின் வயிற்றில் பட்டது. அவ்வாறாயின் உடனே தொடர்தல் கூடாது. தொடர்ந்தால் அது எஞ்சிய வலிமை முழுவதையும் கூட்டி நெடுந்தொலைவு ஓடிவிடும். அவன் சில மணி நேரம், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே அமர்ந்து காத்திருக்க வேண்டும்.